நம் வீட்டுச் செடிதானே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசியாறி முடித்து, மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். புலனத்தில் அழைப்பு. கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகன். நமக்குக் காலை ஒன்பது என்றால் அவனுக்கு முதல் நாள் இரவு ஒன்பது.

"பெரியம்மா, துளசிக் கதிர்ல புழு, சிலந்தி வலை எல்லாம் இருந்தா எப்படிக் கழுவுவீங்க?"

"துளசியா வச்சிருக்க? அந்தக் குளிர்லயா?"

"துளசி மாதிரி ஒண்ணு."

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில், விரல் விரலாகப் பிரிந்த இலை. கையிலிருந்த தட்டு நழுவி, தொட்டிக்குள்ளேயே விழுந்ததால் உடையாமல் தப்பியது.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். அக்டோபர் வந்தால் அங்கே கொல்லைப்புறத்தில் அறுவடை. நாம் மாங்காய் பறிக்கிற மாதிரி அவன் சாதாரணமாகப் பேசுகிறான். எனக்கோ பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம், சன்னலைச் சாத்தினேன்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவின்படி, கஞ்சாச் செடியை நட்டாலே ஆயுள் தண்டனை, கூடவே ஆறுக்குக் குறையாத பிரம்படி. கையில் 200 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும், அது மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றம். தாய்லாந்து 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது என்று ஹாட்யாய் போய் வருபவர்கள் கதை சொல்வார்கள். பாடாங் பெசார் எல்லைக்கு இந்தப் பக்கம் நம் சட்டம்தான். என் வீட்டில் அந்த ஜாடையில் இருக்கும் ஒரே செடி புளிச்சக்கீரை. அந்தக் கீரை வகைகளில் ஒன்றின் தாவரப் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், அதாவது கஞ்சா போன்ற செம்பருத்தி. அதைப் பார்த்துவிட்டு ஒரு முறை தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு கட்டு பறித்துக் கொடுத்தேன், அதன் பிறகு பார்வை மாறிவிட்டது.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐந்து மாதம் வெட்டவெளியில் நின்ற செடி. கதிரின் இடுக்கில் புழுவின் எச்சம், சிலந்தி நூல், காய்ந்த இலைத் துணுக்கு, பக்கத்து வீட்டுப் பூனையின் முடி, யாரோ இறைச்சி சுட்ட கரித்தூள். அங்குள்ளவர்கள் மூன்று வாளி வைத்துக் கழுவுகிறார்களாம். முதல் வாளியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீர், அடுத்ததில் எலுமிச்சைச் சாறும் சோடா மாவும், மூன்றாவதில் வெறும் தண்ணீர். "கழுவினா அதில இருக்கிற சத்து போயிடாதா?" என்பது அவன் கவலை.

நான் 28 வருடம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள். எலுமிச்சையையும் சோடா மாவையும் ஒன்றாகப் போட்டால் பொங்கி நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டியபின் அந்த வாளியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. சத்து போகாது என்றும் சொன்னேன். துளசியோ, ஓமவல்லியோ, அவன் செடியோ, வாசனை தருவது மேலே இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகள். எண்ணெய் பச்சைத் தண்ணீரில் கரையாது. கசக்கினால்தான் பை உடையும். ஆனால் கதிருக்குள் பூசணம் பிடித்து, பழுப்பாக, பஞ்சு பஞ்சாக வந்திருந்தால் எத்தனை வாளியில் முக்கினாலும் சுத்தமாகாது, குப்பையில் போடு, அதைப் புகைத்து நெஞ்சுக்குள் இழுத்து வைக்காதே என்றேன். மற்றபடி அவன் அதைப் புகைக்காமலே இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். அதையும் சொன்னேன், சிரித்தான்.

(என் தங்கை இந்தப் பத்தியை விடாமல் படிப்பவள். எழுதலாமா என்று பையனிடம் கேட்டேன். அவனே அம்மாவிடம் சொல்லிவிட்டான். இரண்டு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை, என்னோடும்தான்.)

வைக்கப் போகும் நேரத்தில் அவன் கேட்டான்: "உங்க புதினாவ நீங்க எத்தன தண்ணியில கழுவுவீங்க பெரியம்மா?"

பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். இரண்டு வருடமாக இந்தப் பக்கத்தில் செடி வளர்ப்பு எழுதுகிறேன். உரம் சொல்லியிருக்கிறேன், மண் சொல்லியிருக்கிறேன். ஜூன் மாதம் என் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு வரிசை வீடு. வாசலில் நாலு முழ இடம், அதன் ஓரமாக அல்லூர். அல்லூர் ஓரத்தில் தொட்டிகளை அடுக்கி, தரையில் மிஞ்சிய மண்ணில் புதினாவும் வல்லாரையும் படர விட்டிருந்தேன். பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான், ஐந்து வயது. காலையில் தோசைக்குப் புதினாச் சட்னி. வாசலில் போய் ஒரு கைப்பிடி கிள்ளி, குழாயில் ஒரு காட்டு காட்டி, தேங்காயோடு சேர்த்து அரைத்தேன். வதக்கவில்லை, பச்சையாக அரைத்தால்தான் அவனுக்குப் பிடிக்கும். இரண்டு தோசை சாப்பிட்டான். பிறகு மேசையில் மிச்சம் கிடந்த புதினாவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவன் கூப்பிட்டான்.

"பாட்டி, இந்தக் குச்சி நடக்குது."

நகக்கண் அளவுகூட இல்லை. ஓடில்லாத நத்தை, குட்டி. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, பழுப்பாக, ஈரமாக. ஒன்றைப் பார்த்தபின் தேடினேன். அதே கொத்தில் இன்னொன்று. அம்மியிலோ அரைவையிலோ எத்தனை போயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்?

அருவருப்போடு முடிகிற விஷயமாக இருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போயிருப்பேன். எலியின் நுரையீரல் புழு என்று ஒன்று இருக்கிறது. 1935-ல் சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளில் கண்டெடுத்து விவரித்ததால் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கேன்டனென்சிஸ் என்று பெயர். பெரிய புழு எலியின் நெஞ்சு இரத்தக் குழாயில் வாழும். அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கையை நத்தை தின்னும். நத்தைக்குள் குஞ்சுகள் வளர்ந்து, அடுத்த எலிக்காகக் காத்திருக்கும். எலிக்குப் பதில் மனிதன் அந்த நத்தையைப் பச்சையாக விழுங்கிவிட்டால், வழி தெரியாமல் மூளையின் உறைக்குப் போய்ச் சேரும். மனிதரில் முதல் நோயாளி 1945-ல் தைவானில் பதிவானார். 2010-ல் சிட்னியில் ஓர் இளைஞர் நண்பர்களோடு பந்தயத்துக்காக ஒரு நத்தையை விழுங்கினார். ஓராண்டுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து, உடல் செயலிழந்து, 2018-ல் இறந்துபோனார். இதே புழுவின் நெருங்கிய உறவு ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள், 1971 முதல் அது ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் மலேசியென்சிஸ். அல்லூரில் எலி, தொட்டியில் நத்தை, நடுவில் என் புதினா. இதைவிட வசதியாக அந்தப் புழுவுக்கு யாரும் வீடு கட்டித் தர முடியாது.

அன்றே பையனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். எல்லா நத்தையிலும் புழு இருக்காது, புழு போனாலும் பலருக்கு ஒன்றும் ஆகாமலே சரியாகிவிடும் என்றார். ஆனால் மூன்று வாரம் கவனியுங்கள்: விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவதுபோல் எரிச்சல், இதில் எது வந்தாலும் உடனே பொது மருத்துவமனைக்குப் போய் நத்தை விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் அவர்களுக்கு எதைத் தேடுவது என்று தெரியும் என்றார்.

அந்த மூன்று வாரம் நான் பட்டதை என் மருமகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. தினமும் இரவு அவன் தூங்கியபின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பேன், விறைக்கிறதா என்று. பகலில் "தலை வலிக்குதாய்யா?" என்று ஐம்பது தடவை. கடைசியில் அவன் வலிக்குது என்று சொன்னால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, போய்விட்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஆயர் ஈத்தாம் சந்தையிலோ சௌராஸ்தாவிலோ வாங்கும் கீரையை மூன்று தண்ணீரில் அலசுகிறவள் நான். மருந்தடித்திருப்பான், யார் கைபட்டதோ என்று சந்தேகம். வீட்டுப் புதினா என்றால் மட்டும் ஒரு காட்டு. நம் வீட்டுச் செடிதானே! மருந்தே அடிக்கவில்லையே! மருந்து அடிக்காத செடி என்றால் பூச்சிக்கும் நத்தைக்கும் அது பிடித்த செடி என்று பொருள், அது எனக்கு உறைக்கவே இல்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வருடக்கணக்காக இயற்கை முறையில் வீட்டுத் தோட்டம் போடச் சொல்லித் தருகிறது, நானும் பஞ்சகவ்யம் செய்யப் பழகியவள்தான். அந்த வழியை விடச் சொல்லவில்லை. சாணமும் மக்கும் போட்டு வளர்த்த இலையைக் கூடுதலாகவே கழுவ வேண்டும் என்கிறேன்.

இப்போது என் வீட்டில் நடப்பது இது. கழுவுவது பறிக்கும் முன்பே தொடங்குகிறது. முதல் நாள் மாலை செடிக்கு மேலே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன், இலையின் அடிப்பக்கம் படும்படி. தூசியும் அசுவினியும் பாதி அதிலேயே போய்விடும். மறுநாள் பனி உலர்ந்த பிறகு பறிப்பேன், ஈரத்தோடு பறித்தால் நத்தை ஒளிந்திருக்கும். தரையைத் தொடும் கிளையை எடுப்பதே இல்லை. பறித்ததை வெள்ளைத் துணியில் உதறுவேன். வெள்ளைத் துணியில் என்ன விழுகிறது என்று ஒரு தடவை பாருங்கள், பிறகு நான் சொல்ல வேண்டியிருக்காது.

அப்புறம் பெரிய மங்கில் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, பத்து நிமிடம். உப்பு எதையும் கிருமிநீக்கம் செய்துவிடாது. புழுவும் நத்தையும் பிடியை விட வேண்டும், அதற்குத்தான். அதன் பிறகு கீரையைத் தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரைக் கீரையின் மேலேயே வடித்துவிட்டால் அடியில் படிந்த மண்ணெல்லாம் திரும்ப இலையில் உட்காரும். இந்த ஒரு தப்பை நான் நாற்பது வருடம் செய்திருக்கிறேன். பிறகு இரண்டு தண்ணீர், கடைசியாக ஓடும் குழாயில் இலை இலையாக. இலை இலையாக என்றால் அலுப்பாகத்தான் இருக்கும், நீங்கள் வேலைக்கு ஓடுகிறவர்கள், தெரியும். அதனால்தான் பச்சையாகச் சாப்பிடப் போவதற்கு மட்டும் இவ்வளவும். சமைப்பதற்கு மண் போக அலசினால் போதும். கொதிக்கும் தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் இருந்தால் அந்தப் புழு பிழைக்காது.

கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீர், வினிகர் எதுவும் அந்தப் புழுக்குஞ்சுகளைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியும் நத்தையை எடுக்கத்தான் கழுவலும் தேடலும். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன், சிலருக்குப் பிடிக்காது. தரையில் படர்ந்த வல்லாரையை இனி நான் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. நம் மலாய் அண்டை வீட்டார் பெகாகா என்று சொல்லி உலாமாகச் சாப்பிடுவார்கள், நமக்கு வல்லாரைச் சம்பல். எனக்கு உயிர். இப்போது அதை இடுப்பு உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். அதில் வருவதைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டுத்தான் பச்சையாக. தரையில் மிஞ்சியது பருப்புக்குப் போகிறது. புதினாவும் கம்பியில் ஏறிவிட்டது.

பூச்சிகளில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை, அதையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலையின் கொழுந்தில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு பூச்சி, எலுமிச்சை வகைச் செடிகளுக்கு நோய் பரப்பும், நமக்கு ஒன்றுமில்லை. அது விட்ட தேன் போன்ற பிசுக்கில் கரிப்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போனால், வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லத் துடைத்தால் போகும். அதே இலையில் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அப்படித்தான் வேடம் போடும். தெலுக் பாஹாங்கில் என்டோபியா பார்க்கக் காசு கொடுத்துப் போகிறோம், வாசலில் இலவசமாக வருகிறது. நான் அதைக் கிளையோடு வெட்டி ஓரத்து நாரத்தைச் செடியில் வைத்துவிடுகிறேன். பேரனுக்கு அதில்தான் இப்போது பைத்தியம்.

முருங்கையில் கம்பளிப்புழு வந்தால் மட்டும் கையுறை இல்லாமல் போகாதீர்கள். அதன் முடி பட்டால் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பீர்கள், கீரையில் உதிர்ந்த முடி தொண்டைக்குப் போனால் இன்னும் மோசம். புழுக் கூட்டம் இருந்த கிளையை முழுதாக விட்டுவிடுங்கள். நம் பாட்டிகள் முருங்கைக் கொத்தைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வைப்பார்கள், காலையில் இலை தானாக உதிர்ந்துவிடும். உருவுகிற வேலை மிச்சம். அந்த உதிர்ந்த இலையைச் சுளகில் போட்டுப் புடைத்தால் காய்ந்த காம்பும் பூச்சிக்கூடும் முன்னால் வந்துவிடும். எனக்குப் புடைக்க வராது, இலையெல்லாம் தரையில்தான் கிடக்கும். முறத்தை வைத்துக்கொண்டு கையால் பொறுக்குகிறேன்.

துளசியைத்தான் பையன் கேட்டான், அதை விட்டுவிட்டால் கோபப்படுவான். மழைக்காலத்தில் துளசி இலை வெளுத்து, அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி இருக்கும். அது ஒரு பூச்சியின் எச்சம். மிகச் சிறியது, இறக்கை கண்ணாடியில் வலை பின்னியது மாதிரி. பூனைமீசைச் செடியையும் இதே பூச்சி பிடிக்கும், நம் நாட்டில் அதைப் பற்றி 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. துளசித் தேநீருக்குக் காய வைப்பவர்கள் புள்ளி விழுந்த இலையை எடுத்துவிட்டு மற்றதைக் கழுவுங்கள். கதிர் அடர்த்தியாக இருந்தால் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் மெதுவாக ஆட்டினால் போதும், கசக்க வேண்டாம். எண்ணெய் சமாசாரம் முன்பே சொன்னேன்.

கழுவுவதைவிட நமக்குப் பெரிய பாடு காய வைப்பது. கனடாவில் அக்டோபரில் காற்று வறண்டு கிடக்கும் என்று நினைத்தால் அவனும் மழை என்று அழுகிறான். பினாங்கில் கேட்கவே வேண்டாம், வருடத்தின் பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். துணியே மூன்று நாள் காயாது. கழுவிய துளசியை நாலைந்து காம்பாகக் கட்டி, காற்றாடிக்குக் கீழே நிழலில் தொங்கவிடுங்கள். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூசணம் பிடிக்கும். காம்பை ஒடித்தால் சட்டென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடிப் போத்தலில் போட்ட பிறகும் முதல் வாரம் தினமும் திறந்து பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் வெளியே கொட்டித் திரும்பக் காய வையுங்கள். மக்கின வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள், ஐம்பது சென் துளசிக்காக மனம் வருந்த வேண்டாம்.

கொசுப்புகை பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். தாமானில் டிங்கி வந்தால் புகை அடிப்பார்கள், அடிக்கத்தான் வேண்டும். அறிவிப்பு வந்ததும் சமையலுக்கு வேண்டியதைப் பறித்து உள்ளே வைத்துவிடுங்கள், தொட்டிகளைத் துணியால் மூடுங்கள். அடித்த பிறகு நான் ஒரு வாரம் அந்த இலையைத் தொடுவதில்லை, அதற்குள் இரண்டு தடவையாவது தண்ணீர் பீய்ச்சிவிடுவேன். பையன் சொன்ன சோடா மாவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எலுமிச்சை இல்லாமல். 2017-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்குப் பத்து கிராம் சோடா மாவு கலந்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது, மேல்தோலில் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று 80 விழுக்காடும் மற்றது 96 விழுக்காடும் போயிருந்தது. தோலுக்குள் இறங்கியது போகவில்லை. அந்த மருந்துகள் வேறு, கொசுப்புகை மருந்து வேறு, ஆப்பிள் வேறு, கீரை வேறு. அதனால் இதை ஒரு கூடுதல் முயற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் படியும் சாம்பலுக்கு இவ்வளவு வேண்டாம். 2015-லும் 2019-லும் இலையைத் தொட்டால் விரல் கறுத்தது, வெறும் தண்ணீரிலேயே போயிற்று.

நத்தையைக் குறைக்க என்ன செய்வது? கடையில் நீல மணி மாதிரி நத்தை மருந்து விற்கிறார்கள். குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் அதை வாங்காதீர்கள், மிட்டாய் என்று எடுத்துவிடும். முட்டை ஓடு போட்டுப் பார்த்தேன், அதன் மேலேயே ஊர்ந்து போகிறது. எனக்குப் பலித்தது கை வேலைதான். மழை விட்ட இரவில் எட்டு, ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு போய், கையுறை போட்டு, அட்டைத் துண்டால் தள்ளி உப்புத் தண்ணீர்ப் போத்தலில் விடுவேன். வெறும் கையால் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் வாய்க்கருகே கை போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத்தான் நத்தை விளையாட்டுச் சாமான். தொட்டிக்கு அடியில் தேங்கும் ஈரம், மக்காத இலைக்குவியல், அல்லூரில் கொட்டிய சோறு, இவற்றை எடுத்துவிட்டால் நத்தையும் எலியும் சேர்ந்தே குறையும்.

தீபாவளிக்குப் பேரன் வந்தான். அவனுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பழைய ஆய்வுக்கூட ஞாபகம். இப்போது சட்னிக்கு முன் புதினா அவன் கையில் போய்த்தான் வர வேண்டும். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, "பாஸ்", "பாஸ் இல்ல" என்று பிரிக்கிறான். தோசை ஆறிப்போகிறது. இரவு வேட்டைக்கும் வருகிறான், போத்தலைப் பிடிக்கும் வேலை. முதல் இரவு 23. அடுத்து 17. நேற்று மழை விட்டதும் போனோம், 9. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். டீச்சர் பார்த்தால் என்ன என்று கேட்பார், நான்தான் பதில் சொல்ல வேண்டும்.